திருநம்பியான தம்பிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்: மருத்துவமும் சட்டமும் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்

கேள்வி
எழுதியவர்: கொடிமுல்லை

அனைவருக்கும் வணக்கம். ஊர், ஆட்கள், வேலை செய்யும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறேன். என் உடன்பிறந்தவருக்கு 21 வயது. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெண் என்றே பதிவாகியிருக்கிறது. தான் ஓர் ஆண் என்பதைப் பள்ளியில் படிக்கும்போதே என்னிடம் மட்டும் சொல்லி வந்தவன், வேலைக்குச் சேர்ந்த பிறகு, கடந்த தை மாதத்தில் அப்பா அம்மாவிடமும் சொல்லிவிட்டான். அவனைத் தம்பி என்று அழைப்பதே எனக்கு இப்போது பழகிவிட்டதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அப்பா அன்றிலிருந்து அவனுடன் பேசுவதில்லை. அம்மா ஜோதிடரிடம் போனார், பரிகாரம் செய்தார், கடைசியில் எங்கள் ஊரில் உள்ள ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவனுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மூன்று மாதம் வராமலே இருக்கும், வந்தால் பத்து நாளுக்கும் மேலாக நிற்காது, படி ஏறினால் மூச்சு வாங்கும் அளவுக்குச் சோர்ந்துவிடுவான். ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி இருப்பதாகத் தெரிந்தது. அந்த மருத்துவர், "இது ஹார்மோன் கோளாறு, அதனால்தான் பிள்ளை இப்படிப் பேசுகிறாள், கல்யாணம் ஆனால் இரண்டும் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் இப்போது அந்த ஒரு வாக்கியந்தான் வேதவாக்கு. ஜாதகம் கொடுத்து, ஒரு வரனும் பொருந்தி, ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்ற பேச்சு வரை வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எதுவும் தெரியாது. "நல்ல பையன், கட்டாயப்படுத்த மாட்டான், போகப் போகப் பழகிவிடும்" என்கிறார் அம்மா.

தம்பியோ அந்த மருத்துவரிடம் பட்ட அவமானத்துக்குப் பிறகு இனி எந்த மகளிர் மருத்துவரிடமும் வர மாட்டேன் என்கிறான். உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான ஒருவர் மூலம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி வாங்கிப் போட்டுக்கொண்டால் மாதவிடாயும் நின்றுவிடும், குரலும் மாறிவிடும் என்று நினைக்கிறான். நீர்க்கட்டிக்கும் அவன் தன்னை ஆணாக உணர்வதற்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? அந்த ஊசியைத் தானாகப் போட்டுக்கொள்வது சரியா? விருப்பமில்லாத திருமணத்தைத் தடுக்கச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது, நடந்துவிட்டால் அவனுக்கு என்ன பாதுகாப்பு? பெற்றோரை எதிரிகளாக்கிவிடாமல் இதைக் கடக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில்
எழுதியவர்: வெள்ளைக்கோட்டு

அரசு மருத்துவமனை ஒன்றின் மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவில் பணியாற்றுகிறேன். சட்டத்தை அறிந்தவர்கள் சொல்லட்டும். உடல் பற்றிய பகுதிக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது இரண்டு பாதியிலும் தவறு. சினைப்பை நீர்க்கட்டி என்பது மிகப் பரவலான ஒரு ஹார்மோன் சிக்கல். அதனுடன் வாழும் லட்சக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறவர்கள். மறுபுறம், நீர்க்கட்டியே இல்லாத திருநம்பிகள் ஏராளம். ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது சினைப்பையின் ஸ்கேனில் தெரிகிற செய்தியன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்கும் ஒருவர் உணரும் பாலினத்துக்கும் இடையிலான முரண் மனநோய்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த தனி அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. அதைக் கோளாறு என்று பெயரிட்டுக் குணப்படுத்தக் கிளம்புவதற்கு இன்றைய மருத்துவத்தில் இடமில்லை. வாக்கியத்தின் மறுபாதியும் அப்படித்தான்: திருமணமோ தாம்பத்தியமோ நீர்க்கட்டிக்கு மருந்தன்று. இதை நோயாளிகளிடம் சொல்லும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எங்கள் துறைக்கே வெட்கக்கேடு.

இன்னொன்றையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். நீர்க்கட்டி என்று அழைக்கப்பட்டாலும் ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல; முழுமையாக முதிராமல் பாதியில் நின்றுவிட்ட சிறு கருமுட்டைப் பைகள். கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் சுரப்பதில்லை. அதனால் கருப்பையின் உள்ளடுக்கு உதிராமல் தடித்துக்கொண்டே போய், ஒரு நாள் தாறுமாறாக உதிரத் தொடங்குகிறது. உங்கள் தம்பிக்கு நடப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தைராய்டு, இரத்தம் உறைவதில் குறைபாடு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் பார்க்காமல் முடிவு கட்ட முடியாது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உடனடிக் கவலை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7க்குக் கீழே போய்விட்டால் மாத்திரையோடு நிற்காமல் இரத்தம் ஏற்ற வேண்டியும் வரலாம். ஆணா பெண்ணா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கட்டும். இரத்தப் பரிசோதனை இந்த வாரமே நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கொரு நாப்கின் நனைகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, தலைசுற்றுகிறது என்றால் நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

மாதவிடாயே வேண்டாம் என்பது அவருடைய விருப்பமானால் அதற்கு முறையான வழிகள் இருக்கின்றன. புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டாலோ, அந்த ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பை வளையத்தைப் பொருத்திக்கொண்டாலோ பலருக்கு இரத்தப்போக்கு வெகுவாகக் குறைகிறது, சிலருக்கு நின்றேவிடுகிறது, உள்ளடுக்கும் பாதுகாக்கப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம் என்று பல திருநம்பிகள் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அதை மதித்து மாற்று மருந்து எழுதுவதில் மருத்துவருக்கு எந்தச் சிரமமும் இல்லை.

டெஸ்டோஸ்டிரோனைப் பொறுத்தவரை, தேவையான திருநம்பிகளுக்கு அதை நாங்களே பரிந்துரைக்கிறோம். உடற்பயிற்சிக் கூடத்தில் கைமாறும் ஊசி வேறு கதை. அதன் அளவும் தரமும் யாருக்கும் தெரியாது. ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் தொற்றக்கூடும். முறைப்படி தொடங்கினால், இரத்தச் சிவப்பணுக்களின் அடர்த்தி, கல்லீரல், கொழுப்பு ஆகியவற்றை முதல் ஆண்டில் சில மாதங்களுக்கொரு முறை பார்ப்போம். மாதவிடாய் பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் நிற்கும். குரல் கனப்பதும் முகத்தில் முடி வளர்வதும் ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதை முன்கூட்டியே சொல்லி, யோசிக்க அவகாசம் கொடுத்து, பிற்காலத்தில் தன் கருமுட்டையில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முட்டைகளைச் சேமிப்பது பற்றியும் பேசிய பிறகே தொடங்குவோம். தம்பியிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தன்று. மாதவிடாய் நின்ற பிறகும் கருமுட்டை வெளிவரலாம். விந்து செல்லும் வகையிலான உறவு இருந்தால் கரு தங்கலாம். அந்த மருந்து கருவைப் பாதிக்கும். கருப்பைவாய் இருக்கும்வரை கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் தேவை. அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தடுக்கும் தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது என்றாலும் 26 வயது வரை போட்டுக்கொள்ளலாம். தம்பி இன்னும் போடவில்லை என்றால் போடட்டும்.

அவர் அஞ்சுவது மருந்தைவிடப் பரிசோதனை அறையைத்தான் என்று ஊகிக்கிறேன். வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்தாலே இதற்குப் போதும். உள்பரிசோதனை தேவையென்று எந்த மருத்துவராவது கருதினால் ஏன் என்று விளக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாந்தான். பாதியில் நிறுத்துங்கள் என்று சொன்னாலும் கையை எடுத்துவிட வேண்டும். 21 வயதானவரின் சிகிச்சைக்கு அம்மாவின் கையெழுத்து தேவையில்லை, அவர் சொன்னதை அம்மாவிடம் சொல்லும் உரிமையும் மருத்துவருக்கு இல்லை. திருமணத்துக்கு முன் "எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று சில குடும்பங்கள் கேட்பதுண்டு. கன்னிச்சவ்வைப் பார்த்து ஒருவரின் பாலுறவு வரலாற்றைச் சொல்லிவிட முடியும் என்பது மூடநம்பிக்கை. அப்படி யாராவது பரிசோதிக்க வந்தால் எழுந்து வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.

பதில்
எழுதியவர்: கறுப்பங்கி

மருத்துவரின் பதிலுக்கு நன்றி. நான் மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். உங்கள் கேள்வியில் அம்மா சொன்னதாக எழுதியுள்ள "கட்டாயப்படுத்த மாட்டான்" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்தத் திருமணத்தின் ஆபத்து முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013இல் திருத்தப்பட்டு, இன்று அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 63ஆம் பிரிவில் தொடரும் வரையறைப்படி, பாலுறவுக்கான சம்மதம் என்பது ஐயத்துக்கிடமில்லாமல், தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கப்படும் உடன்பாடு. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, "போகப் போகப் பழகிவிடும்" என்பது சட்டத்தின் பார்வையில் சம்மதம் ஆகாது. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: 18 வயது நிறைந்த மனைவியுடன் கணவன் கொள்ளும் உறவு வன்புணர்ச்சியாகாது. இந்த விதிவிலக்கு செல்லுமா என்பதில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே மாதம் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள். பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆவணங்களில் பெண்ணாக இருக்கும் உங்கள் தம்பி தாலி கட்டிக்கொண்ட மறுநாளிலிருந்து, அவருடைய விருப்பமின்மைக்குக் குற்றவியல் சட்டம் தரும் மிக வலுவான பாதுகாப்பு அவர் கையிலிருந்து நழுவிவிடும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கருதுகிறது. பாதுகாப்பு ஆணை, தங்குமிட ஆணை ஆகியவற்றைப் பெறலாம். கொடுமைக்கான தனிப் பிரிவும் உண்டு. ஆனால் அவையெல்லாம் நடந்த பிறகு ஓடுகிற ஓட்டம். எனவே முழு முயற்சியும் முகூர்த்தத்துக்கு முன்பே இருக்க வேண்டும்.

உங்கள் குடும்பம் இந்துத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பலவந்தத்தாலோ மோசடியாலோ பெறப்பட்ட சம்மதத்தின் பேரில் நடந்த திருமணத்தை 12ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் இரத்து செய்யலாம். பலவந்தம் நீங்கிய அல்லது மோசடி தெரியவந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இதே வழி மாப்பிள்ளைக்கும் திறந்திருக்கிறது என்பதை உங்கள் பெற்றோர் யோசித்ததாகத் தெரியவில்லை.

குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் வீட்டுக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறார்கள். இரத்த உறவுகளும் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தின் விதிகளோடு இணைந்த படிவத்தில், விருப்பமில்லாத திருமணத்துக்கு வற்புறுத்துவது உணர்வு சார்ந்த வன்முறையின் கீழ் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் அந்தப் படிவத்தைக் கொடுக்கலாம். ஆவணத்தில் பெண் என்று இருப்பதே இந்த இடத்தில் அவருக்கு ஒரு கேடயம். மனத்துக்குக் கசப்பாக இருந்தாலும் இப்போதைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் நாள் முழுவதும் இயங்குகிறது.

அவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்ற அச்சமும் இருக்கும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவின்படி, அப்படிப்பட்ட புகாரில் சம்பந்தப்பட்டவர் வயதுவந்தவர் என்றும் தன் விருப்பத்தின் பேரிலேயே சென்றார் என்றும் தெரிந்தால், வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டு காவல்துறை தொந்தரவின்றிப் புகாரை முடிக்க வேண்டும். 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலும் இதற்கென ஒரு விதி சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை அவருடைய இணையருடன் செல்ல அனுமதித்து, முன்பு புகார் பெற்றும் பெற்றோரிடமே அவரை ஒப்படைத்த காவல்துறையைக் கடிந்துகொண்டது. அது வேறு வகை வழக்கு என்றாலும், வயதுவந்த ஒருவரைப் பெற்றோர் பூட்டி வைக்க முடியாது என்ற அடிப்படை ஒன்றுதான்.

பாலின உணர்வை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் யாரிடமாவது அழைத்துச் சென்றால் கவனமாக இருங்கள். பாலின அடையாளத்தை மாற்ற முயலும் சிகிச்சையை 2021ஆம் ஆண்டு உத்தரவே தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. சமூகத்தின் ஒழுக்க வழக்கங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

திருநர் சான்றிதழ், ஆவணங்களில் பாலின மாற்றம் ஆகியவற்றுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2019இல் தனிச் சட்டமும் அடுத்த ஆண்டு விதிகளும் வந்தன. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் இருக்கும் விதி எது என்பதைச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வதே நல்லது.

பதில்
எழுதியவர்: கணக்கு வாத்தியார்

எனக்கு வயது 64. மூன்று பிள்ளைகளைப் பெற்று, இரண்டு கல்யாணங்களை நடத்திவைத்தவன். மேலே எழுதிய இருவரும் படித்தவர்கள்; அவர்கள் சொன்ன பலவற்றை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். 21 வயதில் ஒரு பிள்ளை எடுக்கும் முடிவு 31 வயதிலும் நிற்குமா என்று பெற்றவர்கள் கேட்பது அக்கிரமம் ஆகாது. தங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் துணை, எந்த ஊரில் யார் வீடு கொடுப்பார்கள், எவன் என்ன சொல்லி அடிப்பான் என்ற பயத்தில்தான் அந்தத் தாய் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பெற்றோரை வில்லனாக்கி எழுதினால் அவர்கள் ஒரு வரிகூடப் படிக்க மாட்டார்கள்.

ஆனால் கல்யாண விஷயத்தில் என் கருத்து வேறு. பையன் வீட்டுக்குத் தெரியாமல் இதைச் செய்யப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே அம்மா, அதைப் படித்ததும் எனக்கு என் மகனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தன்னை ஆண் என்று சொல்லுகிற ஒருவரை, அதை மறைத்து, என் மகன் தலையில் யாராவது கட்டிவைத்திருந்தால் நான் பஞ்சாயத்து கூட்டியிருப்பேன். அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? முதலிரவில் எதிரில் இருப்பவர் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால் அவன் என்னவென்று நினைப்பான்? அவனுடைய சம்மதமும் விவரம் தெரிந்த சம்மதமாக இருக்க வேண்டாமா? சர்க்கரை இருப்பதையே மறைக்கக் கூடாது என்று சொல்லுகிற ஊர் நம்முடையது.

உன் அப்பாவிடம் நீ பேசாதே. அவர் மதிக்கும் ஒரு பெரியவர், சித்தப்பாவோ தாய்மாமனோ, வாய் காப்பவராகப் பார்த்துப் பேசச் சொல். பிள்ளை ஆணா பெண்ணா என்ற வாதத்துக்குள் அவர் போகவே வேண்டாம். "அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏமாற்றிக் கல்யாணம் செய்கிறோமே, நாளை கோர்ட்டில் நிற்கலாமா" என்று மட்டும் கேட்கட்டும். எங்கள் தலைமுறைக்கு அந்தக் கேள்வி உறைக்கும். மற்றவை உறைக்கக் காலம் பிடிக்கும்.

பதில்
எழுதியவர்: கரிசல்மண்

நானும் திருநம்பிதான். தென் மாவட்டத்துச் சிற்றூரில் வளர்ந்தவன்; எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். வாத்தியார் ஐயாவின் முதல் பத்தியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 31 வயதிலும் நிற்குமா என்று எங்களை மட்டுமே கேட்கிறார்கள். தன்னைப் பெண் என்று 21 வயதில் சொல்லிக் கல்யாணம் செய்துகொள்ளும் ஒருவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. இரண்டாம் பத்திக்கு அவருக்கு என் வணக்கம். இவ்வளவு காலமாக இந்த விஷயத்தைப் பேசி வரும் எனக்கே மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து இத்தனை தெளிவாகப் பார்க்கத் தோன்றியதில்லை.

பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள் என்ற யோசனையில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அக்கா, தம்பியைக் கேட்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவனுடைய முடிவு. நல்லெண்ணத்தோடு ஒருவரிடம் சொன்ன செய்தி ஒரே வாரத்தில் வேலை செய்யும் இடம் வரை போய்விடும். உடம்பைத் தொடுவதற்கு அனுமதி வேண்டும் என்று பேசுகிறோம், அவனைப் பற்றிய செய்தியைத் தொடுவதற்கும் அதே அனுமதி வேண்டும். இங்கே எழுதியிருப்பதும் அவனுக்குத் தெரிந்தே நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மருத்துவர் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். மார்பை மறைக்க அவன் எலாஸ்டிக் கிரேப் துணியைச் சுற்றிக்கொள்கிறானா என்று கேளுங்கள். கால் சுளுக்குக்குச் சுற்றும் அந்தத் துணி மூச்சு விடும்போது விரிந்து கொடுக்காமல் இன்னும் இறுகும். விலா எலும்பு வலிக்கும், தோல் புண்ணாகும். ஏற்கனவே மூச்சு வாங்குகிறவனுக்கு அது இன்னும் கேடு. அதற்கென்றே தைத்த பைண்டர் கிடைக்கிறது. சரியான அளவில் வாங்கி, எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாமல், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். அதுவும் இல்லையென்றால் இறுக்கமான விளையாட்டு உள்ளாடை போதும், மேலே தொளதொளவென்று ஒரு சட்டை.

ஆஸ்பத்திரி விஷயத்தில், சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் திருநர்களுக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவுகள் தொடங்கப்பட்டிருக்கின்றன. ஹார்மோன் பற்றிய பேச்சை அங்கே தொடங்குவது எளிது. இரத்தப்போக்குக்காக உள்ளூரில் போக வேண்டியிருந்தால், கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நம் பழைய பெயரை உரக்கக் கூப்பிடும் அந்த நொடிதான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. சீட்டு வாங்கும்போதே நர்ஸிடம் மெதுவாக, "பெயரைக் கூப்பிட வேண்டாம், சீட்டு எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று நீங்கள் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். அவன் வாயால் கேட்க முடியாத இடத்தில்தான் அக்கா தேவைப்படுகிறார்.

மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தகம் ஆகியவை இப்போது யார் கையில் இருக்கின்றன? சம்பளம் யார் கணக்கில் போகிறது? பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தால், சண்டை எதுவும் இல்லாத ஒரு நாளில் மூலச் சான்றுகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வியாளரின் மறுபதில்
எழுதியவர்: கொடிமுல்லை

அனைவருக்கும் நன்றி. இந்தக் கேள்வியை இடுவதற்கு முன் தம்பியிடம் காட்டினேன். வேலை பற்றி இருந்த ஒரு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். பதில்கள் எல்லாவற்றையும் அவனும் படித்தான். கிரேப் துணி பற்றி அண்ணன் எழுதியது சரி, அதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தான். பைண்டருக்கு அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி தாய்மாமாவிடம் பேசலாமா என்று தம்பியிடம் கேட்டேன். ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டுச் சரி என்றான், ஆனால் தானே பேசுவதாகச் சொன்னான். நானும் உடன் இருந்தேன். மாமா தம்பி சொன்ன எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. புரிந்துகொண்டதாகவும் சொல்ல முடியாது. ஆனாலும் வரன் வீட்டுக்கு அவரே போன் செய்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் முடியும்வரை பேச்சு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை. அம்மா மட்டும் ஹீமோகுளோபின் பற்றி மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார். அடுத்த வாரம் மருத்துவமனைக்குத் தானும் வருவேன் என்கிறார். அம்மா அறைக்குள் வந்தால் தம்பி வாய் திறக்க மாட்டான். வராதே என்றால் அம்மா பயணத்தையே தடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இதை எப்படிச் சமாளிப்பது? உடம்பு சரியில்லை என்று சொல்லி நிறுத்தியது பின்னால் சிக்கல் ஆகுமா?

பதில்
எழுதியவர்: கறுப்பங்கி

சட்டச் சிக்கல் எதுவும் இல்லை; நிச்சயமே நடக்காத நிலையில் பேச்சை நிறுத்த யாரும் காரணம் சொல்லியாக வேண்டியதில்லை. ஆனால் இது ஒத்திவைப்பு மட்டுந்தான் என்பதை நினைவில் வையுங்கள். வைத்தியம் முடிந்ததும் இந்த வரனோ இன்னொரு வரனோ திரும்ப வரும். எனவே "எனக்கு இந்தத் திருமணத்தில் விருப்பமில்லை" என்று தம்பி தன் கைப்பட, தேதியிட்டு ஒரு கடிதம் எழுதி உங்களிடம் ஒரு படியும், நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் ஒரு படியும் கொடுத்து வைக்கட்டும். இப்போது யாருக்கும் அனுப்ப வேண்டாம். தேவைப்படும் நாளில் பாதுகாப்பு அலுவலருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

பதில்
எழுதியவர்: வெள்ளைக்கோட்டு

அம்மாவை அழைத்து வாருங்கள். முதலில் மூவரும் உள்ளே வந்து மாதவிடாய், சோர்வு, பழைய ஸ்கேன் ஆகியவற்றை மட்டும் சொல்லுங்கள்; அம்மாவுக்குப் பேச இடம் கிடைக்கும், அவர் சொல்லும் குடும்ப வரலாறு எங்களுக்கும் பயன்படும். பரிசோதனைக்கு முன், "நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும், இங்கே எல்லாருக்கும் அப்படித்தான்" என்று மருத்துவரே மற்றவர்களை வெளியே அனுப்புவது வழக்கம். அனுப்பவில்லையென்றால் சீட்டு வாங்கும்போதே ஒரு சிறு தாளில் "தனியாகப் பேச வேண்டும்" என்று எழுதி நர்ஸிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடைசி மூன்று மாதவிடாய் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கூடுதலான நாளில் எத்தனை நாப்கின் என்பதைக் குறித்துக்கொண்டு வரட்டும். பழைய ஸ்கேன் படம், இதுவரை எடுத்துக்கொண்ட மாத்திரைகளின் அட்டை, கூடத்தில் வாங்கிய ஊசி ஏதாவது ஏற்கனவே போட்டிருந்தால் அதன் பெயர் ஆகியவையும் வேண்டும். போட்டிருந்தால் யாரும் திட்ட மாட்டோம், மறைத்தால்தான் மருந்து தவறாகும். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை தேவைப்பட்டால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு சிறுநீர் கழிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வயிற்றின் மேலிருந்தே படம் தெளிவாக வரும், வேறு எந்த வகை ஸ்கேனுக்கும் பேச்சு எழாது.